என் விருப்பம் என்ற சொல்

மேற்கு நாடுகளில் தலையை மறைத்து உடுத்தும் ஒரு முஸ்லிம் பெண்ணிடமிருந்து உலகம் எதிர்பார்ப்பது ஒரே ஒரு வாக்கியத்தைத்தான். "இது என் விருப்பம்." ஆங்கிலத்தில், மை சாய்ஸ். அதைச் சொன்னதும் எதிரில் இருப்பவர் முகத்தில் ஒரு நிம்மதி வரும். அப்பாடா, இவளை யாரும் அடித்துக் கட்ட வைக்கவில்லை. பேச்சு வானிலைக்கோ வீட்டு வாடகைக்கோ போய்விடும். மான்ட்ரியலுக்கு வந்து பதினொரு வருடம் ஆகிறது. தலையில் துணி கட்ட ஆரம்பித்து எட்டு வருடம். அந்த வாக்கியத்தை எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று கணக்கே இல்லை. பொய் ஒன்றும் இல்லை. ஆனால் எவ்வளவு தூரம் உண்மை என்று நானே என்னைக் கேட்டால் சட்டென்று பதில் வருவதில்லை.

அந்தச் சொல்லில் ஒரு பொறி இருக்கிறது, முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். "என் விருப்பம்" என்றால், "விருப்பம்தானே, வேலை நேரத்தில் மட்டும் கழற்றி வைக்கலாமே" என்பார்கள், ஏதோ சட்டையின் நிறத்தை மாற்றுவது மாதிரி. "இல்லை, இது இறைவன் சொன்னது, எனக்குக் கடமை" என்றால், "பாவம், சுதந்திரம் இல்லாதவள், நாம்தான் விடுவிக்க வேண்டும்" என்பார்கள். முதல் பதில் என் நம்பிக்கையைச் சில்லறையாக மாற்றிவிடுகிறது. இரண்டாவது பதிலில் நானே சில்லறை. மூன்றாவதாக ஒரு பதில் இருந்தால் அது உட்கார அந்த அறையில் நாற்காலி கிடையாது.

நான் வாழும் க்யூபெக் மாகாணத்தில் இந்தப் பொறி சட்டமாகவே இருக்கிறது. 2019 ஜூனில் நிறைவேறிய 21-ஆம் எண் சட்டப்படி, அரசு வழக்கறிஞர்கள், போலீஸ், அரசுப் பள்ளி ஆசிரியர்கள் முதலியோர் பணியில் இருக்கும்போது மத அடையாளம் எதுவும் அணியக்கூடாது. சிலுவை, தலைப்பாகை, கிப்பா, ஹிஜாப் எல்லாமே அதில் அடக்கம். எழுத்தில் எல்லோருக்கும் சமம். ஆனால் சிலுவைச் சங்கிலியைச் சட்டைக்குள் விட்டுக்கொள்ளலாம், தலைத்துணியை எங்கே விடுவது? அடிப்படை உரிமைகளுக்கு முரண் என்று நீதிமன்றம் தள்ளிவிடக் கூடாது என்பதற்காக, அரசியல் சாசனத்தின் விலக்குப் பிரிவையும் முன்கூட்டியே சேர்த்துவிட்டார்கள். ஏற்கனவே வேலையில் இருந்தவர்களுக்கு ஒரு சலுகை உண்டு: அதே பணியில், அதே நிர்வாகத்தில் இருக்கும்வரை கட்டிக்கொள்ளலாம். பதவி உயர்வு வேண்டுமென்றால் கழற்ற வேண்டும். ஆக, விருப்பம் என்பது இங்கே சம்பளப் படிவத்தில் ஒரு கட்டம்.

2021 டிசம்பரில் செல்சி என்ற சிற்றூரில் மூன்றாம் வகுப்பு ஆசிரியை ஒருவரை இந்தச் சட்டத்தின்படி வகுப்பறையிலிருந்து எடுத்தார்கள். மாற்றாகக் கொடுத்த வேலை என்ன தெரியுமா? பன்மைத்தன்மையைப் பிள்ளைகளுக்குப் புரியவைக்கும் ஒரு வாசிப்புத் திட்டம். இதைக் கதையில் எழுதினால் எடிட்டர், கொஞ்சம் ஓவரா இருக்கே என்று வெட்டிவிடுவார்.

என் வேலை தனியார் மென்பொருள் நிறுவனத்தில். அந்தச் சட்டம் என்னைத் தொடாது. ஆனால் என் மகள் ஒருநாள் டீச்சர் ஆக வேண்டும் என்று சொன்னால் தொடும்.

*

எதிர்ப்பக்கத்தின் வாதம் வெறும் வெறுப்பு அல்ல. அதைச் சுருக்கமாக இப்படிச் சொல்லலாம்: சிறு வயதிலிருந்து ஒரு பெண்ணுக்கு ஒன்றையே சொல்லி வளர்த்தால் அவள் பிறகு அதையே விரும்புவாள். அந்த விருப்பத்துக்கு என்ன மதிப்பு? நார்வே நாட்டுச் சிந்தனையாளர் யோன் எல்ஸ்டர் 1983-இல் இதைப் பற்றி ஒரு முழுப் புத்தகமே எழுதினார். தலைப்பு, புளித்த திராட்சை. எட்டாத பழத்தைப் புளிக்கும் என்று சொன்ன நரி. மனிதர்களும் கிடைக்காததை வேண்டாம் என்று ஆக்கிக்கொள்கிறார்கள், கிடைத்ததை இதுதான் வேண்டும் என்று ஆக்கிக்கொள்கிறார்கள். கூண்டின் அளவுக்கு ஆசையைத் தைத்துக்கொள்வது.

இதற்கு எங்கள் பக்கத்தில் ஒரு ரெடிமேட் பதில் இருக்கிறது. "அப்ப உங்க ஜீன்ஸ்? அதுவும் வளர்ப்புதானே?" என் தொழிலில் டிஃபால்ட் என்று ஒரு சமாச்சாரம் உண்டு. எந்த மென்பொருளிலும் அமைப்புகள் பக்கத்துக்குள் போய் எதையாவது மாற்றுகிறவர்கள் குறைவு. பெரும்பாலானோர் வந்தபடியே வைத்திருப்பார்கள், அது தாங்கள் தேர்ந்தெடுத்ததில்லை என்பதே அவர்களுக்குத் தெரியாது. மேற்கில் திறந்த தலை என்பது டிஃபால்ட். யாரும் ஒரு பெண்ணிடம், "நீ ஏன் முடியை வெளியே விட்டிருக்கிறாய், உன் வீட்டில் வற்புறுத்தினார்களா?" என்று கேட்பதில்லை. மாற்றியவளிடம் மட்டும்தான் காரணம் கேட்கிறார்கள். அதிலும் சில வேடிக்கைகள். முகத்தை மறைத்தபடி அரசு சேவை பெறக்கூடாது என்று இதே மாகாணம் 2017-இல் சட்டம் போட்டது. நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது வேறு விஷயம். 2020 ஜூலையில், கொரோனாவுக்காக, முகத்தை மறைக்காமல் பஸ் ஏறக்கூடாது என்று உத்தரவு வந்தது. ஜனவரி மாதத்தில் மைனஸ் இருபத்தைந்தில் மெட்ரோ வாசலில் நின்று பாருங்கள், ஊரே நிகாப் போட்டிருக்கும்.

ஆனாலும் இந்த ரெடிமேட் பதிலை நான் முழுதாக நம்பவில்லை. ஜீன்ஸ் போடாத பெண்ணுக்கு நரகம் என்று எந்தத் தாயும் சொல்வதில்லை. இரண்டையும் ஒரே தட்டில் வைப்பது வாதத்தில் ஜெயிக்க உதவும். உண்மையைக் கண்டுபிடிக்க உதவாது.

இரண்டு நிகழ்வுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறேன். 2003 அக்டோபர், பாரிஸ் புறநகரான ஓபர்வில்லியே. ஆன்ரி வலோன் பள்ளியிலிருந்து லீலா லெவி, அல்மா லெவி என்ற சகோதரிகளைத் தலைத்துணிக்காக வெளியேற்றினார்கள். வயது 18, 16. அப்பா யூதப் பின்னணி கொண்ட வழக்கறிஞர், கடவுள் நம்பிக்கை இல்லாதவர். அம்மா அல்ஜீரியாவின் கபில் இனத்தைச் சேர்ந்தவர், மதத்தைக் கடைப்பிடிக்காதவர். வீட்டில் ஒருவரும் கட்டச் சொல்லவில்லை. அப்பாவுக்கு அந்தத் துணியே பிடிக்கவில்லை. ஆனாலும் மகள்களின் உரிமைக்காக நின்றார். ஐந்தே மாதத்தில், 2004 மார்ச் 15 அன்று, பிரெஞ்சுப் பள்ளிகளில் வெளிப்படையான மத அடையாளங்களைத் தடைசெய்யும் சட்டம் வந்தது. குடும்ப அழுத்தத்திலிருந்து பெண்பிள்ளைகளைக் காப்பது அதன் முக்கியமான நியாயங்களில் ஒன்று.

2007 டிசம்பர், கனடாவின் மிஸ்ஸிஸாகா. அக்ஸா பர்வேஸ் என்ற 16 வயதுப் பெண்ணை அவளுடைய தந்தையும் அண்ணனும் கொன்றார்கள். ஹிஜாப் உள்பட, அவள் உடுத்தும் விதம் பற்றி, வாழ நினைத்த விதம் பற்றி வீட்டில் நீண்டநாள் மோதல். 2010-இல் இருவரும் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள்.

ஒரே அளவு துணி. ஒரு வீட்டில் அதைக் கட்டுவதுதான் கலகம். இன்னொரு வீட்டில் அவிழ்ப்பது கலகம், அதற்கு உயிர் விலை. துணியை மட்டும் பார்த்து உள்ளே இருப்பது அக்ஸாவின் வீடா லெவியின் வீடா என்று யாராலும் சொல்ல முடியாது. பிரெஞ்சுச் சட்டம் இதை ஒரு விதத்தில் அறிந்தே இருக்கிறது என்பதுதான் விநோதம். 2010-இல் முகத்திரைக்கு எதிராக அவர்கள் போட்ட சட்டத்தில் இரண்டு தண்டனைகள். அணிகிறவளுக்கு 150 யூரோ வரை அபராதம். இன்னொருத்தியை அணியும்படி கட்டாயப்படுத்துகிறவனுக்கு ஓராண்டுச் சிறை, 30,000 யூரோ. கட்டாயம்தான் பிரச்சினை என்றால் இரண்டாவது தண்டனையே போதும். முதலாவது எதற்கு?

இந்தக் கேள்வியை ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனவர் பாகிஸ்தானில் பிறந்த ஓர் இளம் பிரெஞ்சுக் குடிமகள். பதிவுகளில் பெயர் எஸ்.ஏ.எஸ். என்று மட்டும். அவர் சொன்னதை நான் திரும்பத் திரும்ப வாசித்திருக்கிறேன். கணவரோ குடும்பத்தினரோ வற்புறுத்தவில்லை. எப்போதும் அணிவதும் இல்லை. மனதின் ஆன்மிக நிலையைப் பொறுத்துச் சில நாட்கள் அணிவேன், சில நாட்கள் அணியமாட்டேன். வங்கியிலோ விமான நிலையத்திலோ முகத்தைக் காட்டச் சொன்னால் காட்டுவேன். இதைவிடத் தெளிவாக ஒருத்தி தன் விருப்பத்தைச் சொல்ல முடியாது. 2014 ஜூலை 1 அன்று வந்த தீர்ப்பில் நீதிபதிகள், பெண்கள் தாங்களே ஆதரிக்கும் ஒரு பழக்கத்தைப் பெண் சமத்துவத்தின் பெயரால் அரசு தடுக்க முடியாது என்று ஒத்துக்கொண்டார்கள். மனித மாண்பு என்ற வாதத்தையும் தள்ளினார்கள். பிறகு, சேர்ந்து வாழ்தல் என்ற ஒரு காரணத்தைக் காட்டித் தடை செல்லும் என்றார்கள். இரண்டே இரண்டு நீதிபதிகள் உடன்படவில்லை.

நான் முகத்திரை அணிவதில்லை, அதைப் பரிந்துரைப்பதும் இல்லை. ஆனால் அந்தத் தீர்ப்பு எனக்கு ஒன்றைக் காட்டியது. "உனக்கு விருப்பம் இருக்கிறதா, நிரூபி" என்று கேட்டுக்கொண்டே இருந்தவர்கள், நிரூபித்த பிறகு, "சரி, ஆனால் எங்களுக்கு விருப்பம் இல்லை" என்று சொல்ல முடியும்.

*

என் உம்மாவின் உம்மா வெளியே போகும்போது சேலைக்கு மேல் வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொள்வார். உம்மா சேலைத் தலைப்பாலேயே முக்காடு போட்டுக்கொள்வார், பஸ்ஸில் காற்று அடித்தால் பல்லால் கடித்துக்கொள்வார். கறுப்பு அபாயா எங்கள் ஊர்ப் பக்கம் வந்தது வளைகுடா சம்பாத்தியத்தோடு. என் பள்ளிக் காலத்தில்தான் அது பரவலானது. ராத்தா அதற்கு மாறினாள். நான் சென்னையில் எஞ்சினியரிங் படித்த நாலு வருடமும் துப்பட்டாவைத் தோளில்தான் போட்டேன். வீட்டில் ஒருவரும் சண்டைக்கு வரவில்லை. உம்மா மட்டும், "தொழுவும்போதாவது ஒழுங்கா போட்டுக்க" என்பார்.

உம்மாவிடம் போய், "நீங்க முக்காடு போட்டது உங்க சாய்ஸா?" என்று கேட்டால் சிரிப்பார். கேட்டிருக்கிறேன், சிரித்தார். "சோறு திங்கறது சாய்ஸாடி?" என்றார். முக்காடு அவருக்கு மூச்சு மாதிரி. அதில் தேர்வும் இல்லை, திணிப்பும் இல்லை. அல்லது திணிப்பு அத்தனை பழையதாகி மூச்சாகிவிட்டது. எல்ஸ்டரின் நரி என்று உம்மாவைச் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் அவர் வேறு விதமாக இருக்க எண்ணிப்பார்க்கவே வழியில்லாத ஓர் ஊரில் வளர்ந்தார் என்பதும் உண்மைதான். சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' 2004-இல் வந்தபோது எங்கள் சொந்தத்தில் பலருக்குக் கோபம். ஏன் கோபம் என்று எனக்குப் பிறகுதான் விளங்கியது. அதுவரை மூச்சாக இருந்ததை அந்த நாவல் சுவர் என்று காட்டிவிட்டது.

ஆக, தேர்வு என்ற சொல்லே என் தலைமுறையில், அதுவும் புலம்பெயர்ந்த பிறகுதான் எங்களுக்கு வந்தது. வேறு வழி இருக்கிற இடத்தில்தான் தேர்வு இருக்க முடியும். ஒரு மேற்கத்திய நகரம் எனக்குக் கொடுத்தவற்றில் இதுவும் ஒன்று, அதை நான் மறுக்கவில்லை. உம்மாவின் முக்காட்டைவிட என் துணியில் 'நான்' அதிகம். அது அவருடையதைவிட உயர்ந்ததா என்றால், தெரியாது. வணக்கத்தில் 'நான்' அதிகம் இருப்பது நல்லதா என்று சூஃபிகளைக் கேட்டால் வேறு பதில் வரும்.

நான் ஏன் கட்ட ஆரம்பித்தேன்? இதை எழுதத்தான் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. 2017 ஜனவரி 29 இரவு, க்யூபெக் சிட்டி பள்ளிவாசலில் இஷா தொழுகை முடிந்த நேரத்தில் ஒருவன் உள்ளே புகுந்து சுட்டான். ஆறு பேர் இறந்தார்கள். அப்போது என் மகள் கைக்குழந்தை, நான் பேறுகால விடுப்பில் இருந்தேன். அந்த வாரம் முழுவதும் பேர் தெரியாத அந்த மனிதர்களுக்காக அழுதேன். அவர்கள் பேரெல்லாம் பிறகு மனப்பாடமானது. விடுப்பு முடிந்து ஆபீஸ் திரும்பிய முதல் நாள் தலையில் துணி கட்டிக்கொண்டு போனேன். டீமில் ஒருத்தர்கூட எதுவும் கேட்கவில்லை. கனடாக்காரர்களின் நாகரிகம் அப்படி.

அது பக்தியா? அன்றைக்கு இல்லை. அது ஒரு பதில். "என்னையும் எண்ணிக்கொள்" என்று யாருக்கோ சொன்னது. ஃப்ரான்ஸ் ஃபனான் அல்ஜீரியாவைப் பற்றி 1959-இல் எழுதியது நினைவுக்கு வருகிறது. 1958 மே மாதம் அல்ஜியர்ஸ் நகரில் பெண்களின் திரையைப் பொதுமேடையில் அவிழ்த்து பிரெஞ்சு அதிகாரம் விழா நடத்தியது. அதன்பின் எப்போதோ திரையை விட்டுவிட்டிருந்த பெண்கள்கூட மறுபடி அதை எடுத்து அணிந்தார்கள். எதிரி எதைப் பிடுங்க வருகிறானோ அது புனிதமாகிவிடுகிறது. ஃபனான் அதைப் புரிதலோடு எழுதுகிறார், ஆனால் அதில் ஒரு சிக்கலும் உண்டு: எதிரி எங்கே அடிக்கிறானோ அங்கேதான் நானும் நிற்க வேண்டியிருக்கிறது. இடத்தைத் தேர்ந்தெடுத்தது நான் இல்லையே.

கொலைகாரன் ஒருவனுக்குச் சொன்ன பதிலாக என் ஹிஜாப் ஆரம்பித்தது என்றால், அது யாருடைய விருப்பம்?

அன்று இந்தக் கேள்வி எனக்கு வரவில்லை. வந்தது ஒன்றரை வருடம் கழித்து, சாதாரணமான ஒரு செவ்வாய்க்கிழமை, கண்ணாடி முன்னால் ஊசி குத்தும்போது. கோபம் வடிந்துவிட்டிருந்தது. துணி மட்டும் இருந்தது. சரி, எதற்கு இது? சபா மஹ்மூத் என்ற மானுடவியலாளர், பாகிஸ்தானியர், கெய்ரோவில் பள்ளிவாசல்களில் கூடி மார்க்கம் படித்த பெண்களோடு இருந்து 2005-இல் ஒரு புத்தகம் எழுதினார். அந்தப் பெண்கள் சொன்னதில் ஒன்று என்னைப் பிடித்து உலுக்கியது. உள்ளே நாணம் இருப்பதால் வெளியே மறைப்பு வருகிறது என்றுதான் நாம் நினைக்கிறோம். அவர்கள் தலைகீழாகச் சொல்கிறார்கள். முதலில் உடல் பழகுகிறது, பழகப் பழக உள்ளம் உண்டாகிறது. பாட்டுப் படிக்கிற பிள்ளை சாதகம் செய்வது மாதிரி. சுருதி மேல் காதல் வந்த பிறகு சாதகம் செய்யலாம் என்று காத்திருந்தால் காதலும் வராது, சுருதியும் வராது.

மஹ்மூதின் வாதம் பெண்ணியர்களுக்குப் பிடிக்கவில்லை, சுதந்திரம் என்றாலே எதிர்ப்பது என்று மட்டும் பொருள் கொள்ளாதீர்கள் என்று அவர்களைப் பார்த்துத்தான் அவர் சொன்னார். எனக்கு அதில் ஒரு சந்தேகம் மிச்சமிருக்கிறது. பழக்கம் எதையும் உண்டாக்கும். அடிமைத்தனத்தையும் உண்டாக்கும். ஆனால் என் அளவில் நடந்தது இது: தினமும் காலையில் அந்த நாற்பது நொடி, நான் யாருக்கு முன்னால் நிற்கிறேன் என்று ஒரு நினைவு வர ஆரம்பித்தது. கோபத்தில் வாங்கின பாத்திரத்தில் மெதுவாக வேறேதோ நிறைந்தது. இன்று கழற்றச் சொன்னால் எனக்கு வலிக்கும், ஆனால் 2017-இல் வலித்திருக்கக்கூடிய காரணத்துக்காக இல்லை.

இதைச் சந்தை வேறு விதமாகப் புரிந்துகொண்டிருக்கிறது. 2016-இல் டோல்ச்சே கபானா அபாயா விற்க ஆரம்பித்தது, அடுத்த வருடம் நைக்கி விளையாட்டு ஹிஜாப் கொண்டுவந்தது. கென்யாவின் அகதி முகாமில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த ஹலீமா ஏடன், ஹிஜாபோடு வோக் அட்டைகளுக்கு வந்தார். 2020 நவம்பரில் அந்த மேடையைவிட்டு விலகினார். படப்பிடிப்புகளில் தலையில் ஹிஜாபுக்குப் பதிலாக எதையெதையோ சுற்றினார்கள், தொழுகை தவறிப்போனது, தான் தானாக இல்லை என்று சொன்னார். தடை போட்டு எடுப்பது ஒரு வழி என்றால், கொண்டாடி எடுப்பது இன்னொரு வழி.

*

2022 செப்டம்பர் 16 அன்று டெஹ்ரானில் மஹ்சா அமினி இறந்தார். ஹிஜாபைச் சரியாக அணியவில்லை என்று ஒழுக்கக் காவல்படை பிடித்துச் சென்ற மூன்றாவது நாள். வயது 22. மான்ட்ரியலில் ஈரானியர்கள் நிறைய பேர். எங்கள் டீமில் ஒருத்தி இருந்தாள். ஐந்து வருடமாக ஒன்றாக மதியச் சாப்பாடு சாப்பிட்டவள். அந்த வாரம் சாப்பாட்டு நேரத்தில் என் முகத்தைப் பார்க்காமல் தலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள், கோபமில்லாமல்தான்: "இப்பவும் உன்னால இதை எப்படிப் போட முடியுது?"

"என் விருப்பம்" என்று சொல்ல வாய் திறந்தேன். சொல்லவில்லை. அந்த மேஜையில் அந்த வாக்கியம் அசிங்கமாக இருந்திருக்கும். அவள் அம்மா 1979 மார்ச்சில் கட்டாய ஹிஜாபுக்கு எதிராகத் தெருவில் இறங்கிய பெண்களில் ஒருவர். அவள் பாட்டியின் திரையை 1936-இல் ரேசா ஷாவின் போலீஸ் தெருவில் இழுத்ததாகக் குடும்பத்தில் சொல்வார்களாம். ஒரே குடும்பம், ஒரு தலைமுறையில் பிடுங்கினார்கள், இன்னொரு தலைமுறையில் திணித்தார்கள். "நீ இங்கே அழகா, ஜாலியா கட்டிக்கிட்டுத் திரியறது அவங்களுக்கு உதவுது. பாருங்க, கனடாவுலயே படிச்ச பொண்ணுங்க கட்டறாங்கன்னு டிவியில காட்டுவாங்க" என்றாள்.

இதற்கு எளிதான மறுப்பு உண்டு. அங்கே எதிர்க்கப்படுவது கட்டாயம், நான் ஆதரிப்பது விருப்பம், இரண்டும் ஒரே கொள்கையின் இரண்டு பக்கம். மூளை இதை ஏற்கிறது. ஆனால் அவள் சொன்னது அது இல்லை. ஓர் அடையாளத்தின் பொருளை அதை அணிகிறவள் மட்டும் தீர்மானிக்க முடியாது என்று சொன்னாள். "என் விருப்பம்" என்று நான் சொல்லும்போது, இந்தத் துணிக்கு நான் கொடுக்கும் பொருள் மட்டும்தான் பொருள் என்று சேர்த்துச் சொல்கிறேன். அது உண்மை இல்லை. மொழியில் ஒரு சொல்லை நான் மட்டும் எனக்குப் பிடித்த அர்த்தத்தில் வைத்துக்கொள்ள முடியுமா? முடியாது. ஒரு சாட்டையும் ஒரு தொழுகை விரிப்பும் ஒரே நூலில் நெய்யப்பட்டிருக்கிறது. விரிப்பை நான் பயன்படுத்தும்போது சாட்டையைப் பற்றி எனக்குத் தெரியாது என்று சொல்லும் உரிமை எனக்கில்லை.

அதற்காகக் கழற்ற வேண்டுமா? நிறைய யோசித்தேன். சாட்டை பிடித்தவர்களிடமே விரிப்பையும் கொடுத்துவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆனால் ஒரு கடன் உண்டு. கட்டுகிறவள்தான் கட்டாயத்துக்கு எதிராக மற்றவர்களைவிடச் சத்தமாகப் பேச வேண்டும், ஏனென்றால் அவளுடைய தலையைத்தான் அவர்கள் சாட்சியாகக் காட்டுகிறார்கள். அந்த சனிக்கிழமை ஊர்வலத்துக்குத் துணியோடுதான் போனேன். ஒருவர் என்னைப் பார்த்துப் பாரசீகத்தில் ஏதோ கத்தினார். பக்கத்தில் நின்ற வயதான அம்மா அவரைத் திருப்பி அதட்டினார். இரண்டு பேர் சொன்னதும் எனக்குப் புரியவில்லை.

அந்தக் கடனைத் தெருவைவிடப் பள்ளிவாசலில் அடைப்பது கஷ்டம். எனக்குத் தெரிந்த ஒருத்தி, பன்னிரண்டு வருடம் கட்டியவள், ஒரு கோடையில் கழற்றிவிட்டாள். காரணம் யாருக்கும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. ரமலானில் இஃப்தாருக்கு வந்தபோது அவளுக்கு ஸலாம் சொன்னவர்களை ஒரு கையில் எண்ணலாம். 21-ஆம் சட்டத்துக்கு எதிராகக் கையெழுத்து வாங்கிய அதே பெண்கள்தான். மேற்கில் கட்டுவதற்கு அரசு ஒரு விலை வைக்கிறது, அவிழ்ப்பதற்குச் சமுதாயம் ஒரு விலை வைக்கிறது. முதல் விலையைப் பற்றி ஜும்ஆ பயானில் பேசுகிறோம், இரண்டாவதைப் பற்றிப் பேசுவதில்லை. இன்னொன்றும் பேசுவதில்லை: அந்-நூர் அத்தியாயத்தில் பெண்களின் மறைப்பைப் பற்றிய வசனத்துக்கு முந்தைய வசனம் ஆண்களைப் பார்வையைத் தாழ்த்தச் சொல்கிறது. அது முப்பதாவது. முப்பத்தொன்று எல்லோருக்கும் மனப்பாடம்.

ஒருத்தியின் துணி அவளுடைய விருப்பம்தானா என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரே ஒரு உரைகல்தான் தெரிகிறது. அவள் ஏன் கட்டினாள் என்று அவள் மனதுக்குள் தோண்டிப் பார்ப்பதில் பயனில்லை. என் மனதுக்குள்ளேயே என்னால் முடியவில்லை. நாளைக்கு அவள் கழற்றினால் என்ன நடக்கும்? வேலை போகுமா, தோழி போவாளா, அடி விழுமா, உம்மாவின் குரல் மாறுமா? ஒன்றும் நடக்காது என்றால் அவள் கட்டுவது விருப்பம். அதேபோல் கட்டாத ஒருத்தி கட்டினால் என்ன நடக்கும் என்றும் கேட்க வேண்டும். இந்த இரண்டு கேள்விக்கும் "ஒன்றும் நடக்காது" என்று பதில் வருகிற ஊரை நான் இன்னும் பார்த்ததில்லை. டொரன்டோ கொஞ்சம் பக்கத்தில் வருகிறது என்கிறார்கள்.

*

என் மகளுக்கு ஒன்பது வயது. இங்கே மாணவிகள் தலைத்துணி கட்டத் தடையில்லை. மார்க்கப்படி பருவமடையும் முன் அவளுக்குக் கடமையும் இல்லை. போன இலையுதிர் காலத்தில் சனிக்கிழமை குர்ஆன் வகுப்புத் தோழி ஒருத்தி கட்டுகிறாள் என்று தனக்கும் வேண்டும் என்றாள். வேண்டாம் என்றால் அவள் விருப்பத்தை நான் மறுக்கிறேன். சரி என்றால், ஒன்பது வயதின் விருப்பத்தைச் சாக்காக வைத்து என் விருப்பத்தை நடத்திக்கொள்கிறேனோ? இத்தனைக்கும் தமிழ் படி என்று கட்டாயப்படுத்துகிறேன், நீச்சலுக்குக் கட்டாயப்படுத்துகிறேன், பாகற்காய்க்குக் கட்டாயப்படுத்துகிறேன். அங்கெல்லாம் இந்தத் தத்துவ விசாரணை எதுவும் வருவதில்லை.

போனில் உம்மாவிடம் சொன்னேன். "சின்னப் புள்ளைய எதுக்கு இப்பவே? விடும்மா, அவ பாட்டுக்கு ஓடியாடட்டும்" என்றார். முக்காட்டை மூச்சு என்று சொன்ன அதே உம்மா.

கடைசியில் கத்தரிப்பூ நிறத்தில் ஒன்று வாங்கிக்கொடுத்தேன். ஸ்கூலுக்கு இரண்டு நாள் கட்டிக்கொண்டு போனாள். மூன்றாம் நாள் சாயங்காலம் அது பையில் சுருண்டு கிடந்தது. ஜிம் வகுப்பில் அரிக்கிறதாம். "சரி" என்று சாதாரணமாகத்தான் சொன்னேன், குரலைக்கூடக் கவனித்துத்தான் சொன்னேன். ஆனால் பிள்ளைகள் குரலைக் கேட்பதில்லை, முகத்தைப் பார்க்கிறார்கள். ராத்திரி படுக்கும்போது, "உம்மா, நீ ஸேடா இருக்கியா?" என்று கேட்டாள்.

இல்லை என்றேன். தூங்கும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது அந்தத் துணி கையுறைகள் வைக்கும் டிராயரில் இருக்கிறது. சில சனிக்கிழமைகளில் எடுத்துக்கொள்கிறாள், சில சனிக்கிழமைகளில் இல்லை. எடுக்கும்போது நான் வேறு அறையில் இருக்கப் பார்க்கிறேன்.